அந்த நாற்றம் என்னுடையது

செவ்வாய்க்கிழமை மதியம்
சாத்தாங்காடு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டது.

இங்கே மூக்குகள் லேசில் ஏமாறாதவை.
கண்ணை மூடிக்கொண்டே
இது உரம், இது கந்தகம்,
இது கொடுங்கையூர்க் குப்பை,
இது காசிமேட்டில் விலைபோகாத காரப்பொடி
என்று பிரித்துச் சொல்லும்.
இதற்கு மட்டும் யாரிடமும் பெயர் இல்லை.

"ரிஃபைனரிகாரன் இன்னாத்தயோ தொறந்துட்டான்"
என்றார் வாட்ச்மேன் டில்லிபாபு.
டீக்கடையில் அதுவே தீர்ப்பு.
நான் பேப்பர் கப்பைக் கசக்கிப் போட்டுவிட்டு
மாடி ஏறினேன்.

கீழே லேத்துப் பட்டறை. மேலே எங்கள் லேப்.
புகைக்கூண்டின் மோட்டார் பெல்ட் அறுந்ததை
நான் பார்க்கவில்லை.
பாட்டிலின் ரப்பர் மூடியில் ஊசி இறக்கி
ஐசோசயனைடு ஐந்து மில்லி எடுத்தேன்.
அவ்வளவுதான்.
ஐந்து மில்லி, பேட்டை தாண்டிப் போனது.

கரிக்கு நாலு கை என்று
எத்தனை பரீட்சையில் எழுதியிருப்பேன்.
இந்தக் கரி அப்படியில்லை.
நைட்ரஜன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு
ஓரத்தில் நிற்கும், மூலகத்தின் முனையில்,
பேருந்துப் படியில் தொங்குகிறவன் போல.
கையில் ஒரு ஜோடி எலக்ட்ரான், செலவழிக்காமல்.
ஆள் கிடைத்தால் அதை நீட்டிவிடும்.
நீட்டியதும் தனக்கே குறை வந்துவிடும்.
உடனே
கொடுத்த அதே இடத்தில் வாங்கிக்கொள்ளும்.
கொடுக்க ஒரு கதவு, வாங்க ஒரு கதவு என்று
வைத்துக்கொள்ளாத வீடு.

மெத்தனாலில் ஆல்டிஹைடும் அமீனும்
முன்பே சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன.
அவை சேர்ந்தபோது ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியேறியிருந்தது.
அமிலத்தை விட்டேன்.
கடைசியாக இதை.
அடுப்பு வேண்டாம். ஐஸ் வேண்டாம்.
காந்தக் குச்சி சுழலும் சத்தம்,
கீழே லேத்து இரும்பைச் சீவும் சத்தம்.

நாலு பேர் ஒரு குடுவைக்குள் போனால்
எது யாரோடு ஒட்டும் என்று பயப்பட வேண்டும்.
ஐசோசயனைடு இருக்கும்போது வரிசை தானாக வருகிறது.
கடைசியில் அமிலத்தின் துண்டு
ஆக்சிஜனை விட்டு நைட்ரஜனுக்குத் தாவும்.
அதற்குப் பிறகு திரும்பி வர வழியில்லை.
ஒரு மருந்துக் கம்பெனி
இப்படி அறுபது கேட்டிருக்கிறது, மாத முடிவுக்குள்.
எது எந்த நோய்க்கு என்று எங்களிடம் சொல்வதில்லை.

ஆறு மணிக்குப் புதுப் பெல்ட் மாட்டி
குடுவையை மோந்து பார்த்தேன்.
மோந்து பார்க்கக் கூடாது. பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
பக்கத்துத் தெருவை எழுப்பிய பொருள்
வெள்ளைப் பொடியாக, சாதுவாக,
வடிதாளில் உட்கார்ந்திருந்தது.
மிச்சம் ஒட்டிய ஊசியையும் குப்பியையும்
மெத்தனாலில் கரைத்த அமிலத்தில் முக்கினேன்,
அதன் வாய் அடங்கட்டும் என்று.

அடங்காதது என் வாட்ச் பட்டையில் இருந்தது போல.

ஷேர் ஆட்டோவில் ஏறியதும்
மீன் கூடைக்கார அம்மா முறைத்தாள்,
தள்ளி உட்கார்ந்தாள்.
மீன் கூடையே தள்ளி உட்கார்ந்தது.

எதிரில் பிளஸ் டூ யூனிஃபார்மில் ஒரு பெண்.
நோட்டு அட்டையில் நிலோஃபர் என்றிருந்தது.
மூக்கைப் பொத்தவில்லை அவள்.
தலையைச் சாய்த்து
இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.
"கார்பைலமீன் தானே மிஸ்?
சகிக்க முடியாத நாற்றம்னு எழுதினா ஒரு மார்க்.
இப்பத்தான் மோந்தே பாக்கறேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வியர்வையும் வந்தது.
"ஆமா" என்றேன்.
"மத்தியானம் நம்ம லேப்லேர்ந்துதான்.
ஃபேன் ஓடல."

ஆட்டோவில் அத்தனை பேரும் திரும்பினார்கள்.
தேரடி வரை யாரும் பேசவில்லை.
இறங்கும்போது அவள் கேட்டாள்:
"அப்போ ரிஃபைனரி இல்லயா?"

"இன்னிக்கி இல்ல" என்றேன்.